மழைக்குக் காத்திராத தளிர்

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது நம் பக்கத்துப் பழமொழி. காரைக்குடியை அடுத்த நேமத்தான்பட்டியில் மாசி மாத விடியலில் மாடிக்கு ஏறினால் அதன் பொருள் காலில் படும். கீழே திண்ணை உலர்ந்து கிடக்கும். மேலே தளத்து ஓடு மட்டும் ஈரம் பூத்திருக்கும். எந்தப் பொருளும் தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக ஓயாமல் வெளியே விட்டுக்கொண்டேயிருக்கிறது. தெருவில் கிடக்கும் கல்லுக்குச் சுவரும் மரமும் அந்த வெப்பத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தருகின்றன. அடிமண்ணும் கொஞ்சம் சூடு கொடுக்கிறது. மச்சுக்கு எதிரே இருப்பது வெறும் வானம். மேகமில்லாத மாசி இரவில் அங்கே போன வெப்பம் பெரும்பாலும் திரும்புவதில்லை. ஆகவே சுற்றியுள்ள காற்றைவிடத் தளம் அதிகம் குளிர்ந்துபோகிறது. வங்கக் கடலிலிருந்து வரும் காற்றின் ஈரம் அதன்மேல் நீராகப் படிகிறது. பழமொழி சொன்னவர்கள் வெப்பக் கதிர்வீச்சை அறிந்திருக்கவில்லை, ஆனால் எந்த இடம் முதலில் குளிரும் என்பதைச் சரியாகப் பார்த்திருக்கிறார்கள்.

தமிழ்க் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். இளவேனில் சித்திரையில்தான் தொடங்குகிறது. பாலைத் திணைக்கு வேனிலோடு பின்பனியையும் சேர்த்துக் கொடுத்தது தொல்காப்பியம். செட்டிநாட்டில் இந்த இரண்டு மாதங்களைக் கழித்தவர்களுக்கு அந்த வகுப்பின் நியாயம் எளிதில் விளங்கும். விடியலில் போர்வை வேண்டும். பதினொரு மணிக்குச் செம்மண் காலைச் சுடும். இங்கே வற்றாத ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டியதைக் கண்மாயும் ஊருணியும் கிணறும் பிடித்து வைத்திருக்கும். மாசியில் அந்த நீர் வற்றத் தொடங்கும். அடுத்த நல்ல மழைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட நேரத்தில், மண் வறண்டு வெடிக்கும் நேரத்தில்தான், வீட்டைச் சுற்றியுள்ள மரங்கள் தளிர்க்கின்றன, பூக்கின்றன. பறவைகள் சத்தம் போடுகின்றன, குளவிகள் வீடு கட்டுகின்றன. இந்த ஊரின் உயிர்கள் வேனிலை எதைக் கொண்டு அறிகின்றன என்ற கேள்விக்கு கடந்த சில பத்தாண்டுகளில் கிடைத்திருக்கும் விடைகள் மிக அழகானவை.

முதல் விடை முற்றத்திலேயே இருக்கிறது. முற்றத்து நடுவில் 1 மீட்டர் நீளக் கம்பு ஒன்றை நிமிர்த்தி நட்டு, வெயில் உச்சிக்கு வரும் நேரத்தில் அதன் நிழலை அளந்து பாருங்கள். நம் ஊருக்கு உச்சிப்பொழுது கடிகாரத்தில் 12 மணிக்கு வராது, சராசரியாகக் கால் மணி நேரம் கழித்துத்தான் வரும். மார்கழியில் டிசம்பர் 21 வாக்கில் நிழல் வடக்கே ஏறத்தாழ 66 சென்டிமீட்டர் விழும். பகலும் இரவும் சமமாகும் மார்ச் 20 வாக்கில் அது 18 சென்டிமீட்டராகச் சுருங்கியிருக்கும். சித்திரை பிறந்த ஓரிரு நாளில், ஏப்ரல் 16 வாக்கில், நிழலே இராது; சூரியன் நேர் தலைக்குமேல். காரைக்குடி வட்டாரம் ஏறத்தாழ 10 பாகை வட அட்சத்தில் இருப்பதால் வரும் கணக்கு இது. தெற்குத் தாழ்வாரம் மார்கழியில் முற்றத்துத் தரையில் போட்ட நீண்ட நிழல் மாசி, பங்குனியில் நாளுக்கு நாள் பின்வாங்குவதை, வற்றலும் வடகமும் காயவைக்கும் பெண்கள் நன்றாக அறிவார்கள். வெயில் தரையில் எந்தக் கல் வரை வருகிறது என்று பார்த்துத்தான் பாயை விரிப்பார்கள்.

கொல்லைப்புறத்து வேம்பு மாசியில் இலையை உதிர்க்கிறது. கூட்டிப் பெருக்கிய மறுநாளே முற்றம் மஞ்சள் இலையால் மூடிப்போகும். சில மரங்கள் ஏறக்குறைய மொட்டையாகிவிடும், சிலவற்றில் பழைய இலையும் புதுத்தளிரும் ஒன்றாகவே நிற்கும். புங்கும் அரசும் இலுப்பையும் அதே காலத்தில் இலை மாற்றுகின்றன. பங்குனி நடுவில் பார்த்தால் நான்கும் தளிர் விட்டு நிற்கும். இடையில் ஒரு சொட்டு மழை பெய்திருக்காது. தளிர் என்பது பெரும்பாலும் நீர். இந்த நீர் எங்கிருந்து வந்தது?

இலை உதிர்வுதான் இதற்கு முதல் படி. முதிர்ந்த இலையின் நுண்துளைகள் வழியே நாள் முழுவதும் நீர் ஆவியாகிப் போகிறது. வேர் உறிஞ்சுவது குறைந்து இலை இழப்பது மிஞ்சும்போது மரத்தண்டில் சேமிப்பு காலியாகிறது. பழைய இலையைக் கழித்தவுடன் அந்தச் செலவு நின்றுபோகும். செம்மண்ணுக்கும் செம்புராங்கல் படுகைக்கும் அடியில் இன்னும் ஈரம் இருக்கிறது. ஆழ வேர்கள் அதைச் சிறிது சிறிதாக இழுத்துத் தண்டை மறுபடி நிரப்புகின்றன. தண்டு நிரம்பிய பிறகு மொட்டு விரிய முடியும். கோஸ்டாரிகாவின் உலர்காடுகளில் பல ஆண்டுகள் ஆராய்ந்த ரால்ஃப் போர்ஷெர்ட் இந்த நடைமுறையை விரிவாக எழுதியிருக்கிறார். அந்த வகையில், பங்குனியில் நம் வாசலில் மின்னும் தளிரின் நீர் ஐப்பசி, கார்த்திகையில் பெய்தது. கூரைநீரை முற்றத்தில் இறக்கி, மிச்சத்தை ஊருணிக்கு அனுப்பிய நம் பெரியவர்களின் கட்டடக்கலை மனிதர்களுக்கு மட்டும் தண்ணீர் கொடுக்கவில்லை. ஊருணிக் கரையில் நிற்கும் மரங்களும் அந்த ஏற்பாட்டில்தான் தளிர்க்கின்றன.

நீர் இருந்தால் மட்டும் போதாது, நேரம் தெரிய வேண்டும். மழை வந்து தட்டியெழுப்பாத மொட்டு எப்படி ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே வாரத்தில் விரிகிறது? 2002-இல் கில்லர்மோ ரிவேராவும் போர்ஷெர்ட்டும் அவர்களின் சகாக்களும் ‘ட்ரீஸ்’ என்ற ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை இதற்கு விடை சொல்கிறது. வெப்பமண்டல உலர்காடுகளில் பல மரவகைகள் மழையில்லாமலே, மார்ச் மாதச் சமநாளை ஒட்டி, ஒரே வகை மரங்கள் எல்லாம் சேர்ந்து தளிர்ப்பதை அவர்கள் காட்டினார்கள். மழையும் வெப்பமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். மாறாமல் வருவது பகலின் நீளம் ஒன்றுதான். பகல் 30 நிமிடமோ அதற்கும் குறைவாகவோ கூடினாலே பல மரங்களுக்குப் போதும் என்பது அவர்கள் முடிவு. நம் ஊரில் டிசம்பர் கடைசியில் பகல் ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரம். மார்ச் 20-இல் அதைவிடச் சுமார் 35 நிமிடம் கூடியிருக்கும். மனிதருக்குத் தெரியாத அளவில் நாளுக்கு அரை நிமிடத்துக்கும் குறைவாகக் கூடும் இந்த மாற்றத்தோடு வேம்பும் புங்கும் நடந்துகொள்ளும் விதம் ஒத்துப்போகிறது. நான் படித்த தாவரவியல் செய்திகளில் என்னை இவ்வளவு வியக்க வைத்தது வேறில்லை.

மழை வரட்டும் என்று காத்திருந்தால் என்ன நட்டம்? நீலகிரி மாவட்டத்து முதுமலையில் இதற்கும் ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த கே. எஸ். முரளியும் ஆர். சுகுமாரும் 1993-இல் வெளியிட்டது. மழைக்கு முன்பே, வறட்சியில் தளிர்த்த மரங்களின் இலைகளைப் பூச்சிகள் குறைவாகத் தின்றிருந்தன; மழையோடும் மழைக்குப் பின்னும் தளிர்த்தவை அதிகம் சேதப்பட்டிருந்தன. காரணம் எளிது. மழை விழுந்தால் புழு பூச்சிகள் பெருகும். தளிர் இலை மிருதுவானது, சத்து மிகுந்தது. பூச்சிப் பட்டாளம் வருவதற்குள் இலை முற்றித் தடித்துவிட்டால் மரம் பிழைத்தது. மண் வறண்டிருக்கும் காலத்தில் தளிர்ப்பது துணிச்சலான செலவு. அந்தச் செலவுக்கு ஈடாக மரம் சேதமில்லாத இலைகளைப் பெறுகிறது. மழை இறங்கும்போது முழு வெயிலையும் பயன்படுத்தும் நிலையில் நிற்கிறது.

தளிர் ஏன் பச்சையாக இல்லாமல் செம்பு நிறத்தில் வருகிறது என்று குழந்தைகள் கேட்பார்கள். அரசந்தளிரிலும் இலுப்பைத் தளிரிலும் அந்த நிறம் மிக அழுத்தம். ஆந்தோசயனின் என்ற நிறமி அது. பச்சையம் இன்னும் முழுதாக உருவாகாத இலைக்குப் பங்குனி வெயில் தாங்காது. கூடுதல் ஒளியை இந்த நிறமி தடுத்துக்கொள்கிறது என்பது ஒரு விளக்கம். பச்சைக்குப் பழகிய பூச்சியின் கண்ணுக்குச் சிவந்த இலை உணவாகத் தெரிவதில்லை என்பது இன்னொரு விளக்கம். இரண்டும் சேர்ந்தே உண்மையாக இருக்கலாம். காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் மாசி பங்குனித் திருவிழாவுக்கு வேப்பிலை ஒடிக்கும் நாட்களில் இந்த நிறமாற்றம் முழுவதையும் ஒரே மரத்தில் பார்க்கலாம். கொழுந்து சிவப்பு, அடுத்த அடுக்கு வெளிர்பச்சை, கீழ் அடுக்கு கரும்பச்சை. பிறகு பங்குனிக் கடைசியில் வேம்பு பூக்கிறது. மாலைக் காற்றில் அந்த மணம் தெரு முழுக்க இறங்கும். சித்திரை முதல் நாள் பச்சடிக்கு வேண்டிய பூவை, மரத்தடியில் வேட்டியை விரித்துச் சேர்த்துக்கொள்வது வழக்கம்.

இலுப்பைக்கு வருகிறேன். செட்டிநாட்டு வேனிலைப் பார்க்க ஒரே ஒரு மரத்தைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால் நான் இலுப்பையைச் சொல்வேன். நகரத்தார் ஒன்பது கோயில்களில் ஒன்று நிற்கும் ஊரின் பெயரே இலுப்பைக்குடி. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று பழமொழியாகவும் மரம் நம் வாயில் இருக்கிறது. கோயில் விளக்கெரிய எண்ணெய் தந்த மரம். மாசி, பங்குனியில் இலை கழிந்த கிளை நுனிகளில் கொத்துக் கொத்தாகப் பூ வைக்கும். பூவின் அல்லி வட்டம் சதைப்பற்றுள்ள, வெளிர் நிறமுள்ள, தித்திப்பான சிறு உருண்டை. இரவில் விரியும், விடிவதற்குள் உதிர்ந்து தரை நிறைந்து கிடக்கும்.

இரவில் பூப்பதன் காரணத்தை அறிய ஒன்பது மணிக்குமேல் மரத்தடியில் போய் நின்றால் போதும். டார்ச் விளக்கு வேண்டாம், காது போதும். வௌவால்கள் வந்திறங்கும் சிறகோசையும், அவை தமக்குள் சண்டையிடும் கிறீச்சொலியும், இடையிடையே பூ உதிரும் சிறு ஓசையும் தொடர்ந்து கேட்கும். மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இலுப்பையில் வரும் வௌவால்களைக் கவனித்து 2009-இல் எழுதினார்கள். பெரிய பழந்தின்னி வௌவாலும் குறுமூக்குப் பழந்தின்னியும் இந்த மரத்தின் முக்கிய விருந்தாளிகள். தேனை நக்கிவிட்டுப் போவதில்லை, அந்தச் சதைப்பற்றுள்ள அல்லியையே கவ்விப் பிடுங்கித் தின்கின்றன. பூவைத் தின்றால் மரத்துக்கு நட்டம்தானே என்று தோன்றும். இலுப்பைப் பூவில் சூல்தண்டு அல்லிக்கு வெளியே நீண்டு முன்னதாகவே நிற்கிறது; மகரந்தம் அதற்குப் பிறகுதான் முதிர்கிறது. வௌவால் அல்லியைக் கவ்வும் நேரத்தில் அதன் முகத்து மயிரில் ஒட்டியிருக்கும் வேறொரு மரத்து மகரந்தம் சூல்முடியில் படிந்துவிடும். சூலகம் காம்பிலேயே பத்திரமாக இருக்கும். ஆகவே மரம் அல்லியைக் கூலியாகக் கொடுக்கிறது, வாரிசைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது.

ஆனி, ஆடியில் பழம் முற்றும்போது வௌவால்கள் மறுபடி வரும். சதையைத் தின்று கொட்டையைப் பல இடங்களில் போட்டுப் போகும். பூவுக்கும் விதைக்கும் ஒரே கூட்டம்தான் உழைக்கிறது. பாழ்வீட்டில் வௌவால் அடைந்தால் அமங்கலம் என்று புகை போட்டு விரட்டுகிறோம். இலுப்பை எண்ணெய் விளக்கை மங்கலம் என்கிறோம். முதலாவது இல்லாமல் இரண்டாவது இல்லை என்பதை நம் பிள்ளைகளுக்காவது சொல்ல வேண்டும்.

மாமரத்துப் பூங்கொத்தில் மொய்க்கும் ஈக்களை வெறுக்க வேண்டாம். மாவின் மகரந்தத்தைப் பெரும்பாலும் சுமப்பவை அவையே. முருங்கைப் பூவுக்குக் கருநீலத் தச்சுவண்டு வருகிறது. மாட்டுக்கொட்டகை மூங்கிலில் விரல்நுழையும் வட்டத் துளை போட்டிருப்பதும் அதே வண்டுதான்.

குயிலைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. குளிர்காலத்தில் அது எங்கோ போய்விட்டு வேனிலில் திரும்பி வருகிறது என்பார்கள். குயில் எங்கும் போவதில்லை. ஆண்டு முழுவதும் நம் ஆலிலும் அத்தியிலும் பழம் தின்றுகொண்டிருக்கிறது. வாயைத் திறப்பதில்லை, அவ்வளவுதான். மாசியில் கூவத் தொடங்குவது சிவந்த கண்ணுடைய கருத்த ஆண் குயில். பெட்டை பழுப்பு உடலில் வெண்புள்ளி உடையது. கிக்கிக் என்று அவசரமாகக் கத்துமே தவிர நீண்டு கூவாது. காகம் வேப்பங்கிளையில் குச்சியும் கம்பியும் சேர்க்கத் தொடங்கும் பருவத்தோடு இந்தக் கூவல் ஒட்டி வருகிறது. குயில் முட்டையிடுவது காக்கைக் கூட்டில். காக்கைக் குஞ்சு பொரிக்க எடுக்கும் நாட்களைவிட மூன்று நாட்களாவது முந்திக் குயில்குஞ்சு வெளிவந்து, முதல் இரையை வாங்கிக்கொள்கிறது. ஆகவே குயிலின் காலக்கணக்கு தவறவே கூடாது. காகம் அடைகாக்கத் தொடங்கி நாளாகிவிட்டால் முட்டை வீண்.

பறவை இந்தக் கணக்கை எப்படிப் போடுகிறது? துருவங்களை நோக்கிய நாடுகளில் கோடைக்கும் குளிருக்கும் பகல் நீளம் பல மணி நேரம் வேறுபடும்; அங்கே பறவைகள் பகலை அளக்கின்றன என்பது நெடுநாளாகத் தெரியும். நம் அட்சத்தில் ஆண்டு முழுவதற்குமான வேறுபாடே ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம்தான். இவ்வளவு சிறிய மாற்றத்தைப் பறவை உணருமா என்பது சந்தேகமாக இருந்தது. மிகாயேலா ஹௌவும் சகாக்களும் 1998-இல் பனாமா நாட்டு எறும்புக்குருவி ஒன்றைக் கொண்டு அதைச் சோதித்தார்கள். பனாமா 9 பாகை வட அட்சத்தில் இருக்கிறது, கிட்டத்தட்ட நம் ஊருக்கு நேர். பகலை வெறும் 17 நிமிடம் கூட்டியதுமே அந்தப் பறவையின் இனப்பெருக்க உறுப்புகள் வளரத் தொடங்கின, பாட்டும் கூடியது. குயிலை வைத்து அதே சோதனையை யாராவது நம் பல்கலைக்கழகங்களில் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

செம்மார்புக் குக்குறுவானைப் பார்த்தவர்கள் குறைவு, கேட்காதவர்கள் இல்லை. நண்பகலில் எல்லாப் பறவையும் அடங்கிய பின்னும் டுக், டுக், டுக் என்று பித்தளைப் பட்டறையில் சிறு சுத்தியல் தட்டுவது போல நிமிடத்துக்கு நூறுக்கும் மேற்பட்ட முறை ஒலிப்பது இதுதான். சிட்டுக்குருவியைவிடச் சற்றுப் பெரிய பச்சைப் பறவை. நெற்றியும் மார்பும் குங்குமச் சிவப்பு, தொண்டை மஞ்சள். அலகைத் திறக்காமலே கத்தும். ஒவ்வொரு ஒலிக்கும் தொண்டைத் தோல் உப்பும். தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே கத்துவதால் ஓசை எந்த மரத்திலிருந்து வருகிறது என்று பிடிபடாது. முருங்கை, கல்யாணமுருங்கை போன்ற மென்மரத்துப் பட்ட கிளையில் பொந்து குடைந்து மாசி முதல் குடும்பம் நடத்தும். பட்ட கிளை எல்லாவற்றையும் விறகுக்கு வெட்டிவிடாமல் ஒன்றிரண்டை விட்டுவைக்க இது ஒரு காரணம்.

இனி வீட்டுக்குள். குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று நம்மிடம் ஒரு பேச்சு உண்டு. தேக்கு நிலைப்படியிலும் படச்சட்டத்தின் பின்னாலும் மண்கூடு கட்டும் குளவியைப் பார்த்தவர்கள் சொன்னது. ஊருணிக் கரை காய்ந்து கெட்டியாகிவிடுவதால் மாசியில் குளவிகள் பாத்திரம் கழுவுமிடத்துச் சேற்றுக்கு வந்து உருண்டை எடுக்கும். கூடு கட்டும்போது ரீங்காரமிடும்; அந்த அதிர்வால் ஈர மண் இளகி ஒழுங்காகப் படிகிறது. அறை தயாரானதும் ஒரு வகைக் குளவி சிலந்திகளையும் இன்னொரு வகை பச்சைப் புழுக்களையும் கொட்டித் தூக்கி வந்து அடைக்கும். கொடுக்கு நஞ்சு இரையைக் கொல்லாது, முடக்கிப்போடும், ஆகவே அழுகாது. ஒரு முட்டை இட்டு வாயை மூடிவிடும். முட்டையிலிருந்து வரும் குளவிப் புழு அந்த இரையைத் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகிப் பிறகு சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியேறும். உள்ளே புழு போனது, பாட்டுப் பாடியது, வெளியே குளவி வந்தது. நம் முன்னோர் கண்ட மூன்றும் உண்மை. இருட்டறைக்குள் நடந்ததை மட்டும் அவர்களால் பார்க்க முடியவில்லை. குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்று சொல்லி அதைக் கலைக்காமல் விட்டார்கள். அந்த நம்பிக்கையால் தோட்டத்துக் கத்தரியும் வெண்டையும் புழுக்களிடமிருந்து ஓரளவு தப்பின.

அதே கழுவுநீர் பாயும் கறிவேப்பிலைச் செடியில் வறட்சியிலும் கொழுந்து இருக்கும். அதில் பறவை எச்சம் ஒட்டியிருப்பதாகத் தெரிந்தால் தொட்டுப் பாருங்கள், அது நகரும். கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சியின் இளம்புழு அது. வளர்ந்ததும் பச்சையாகிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவைக்கொம்பை நீட்டி நாற்றம் பரப்பும். இதன் பெண் பூச்சிகளில் ஒரு பகுதி ஆணைப் போல் இருக்கும், இன்னொரு பகுதி முற்றிலும் வேறு இனமான ரோஜா அழகியின் வேடத்தில் இருக்கும். ரோஜா அழகி ஆடுதீண்டாப்பாளையைத் தின்று நஞ்சேறியது, பறவைகள் அதைத் தொடாது. வேடம் போட்டவளையும் தொடாது. இந்த வேடத்தை ஒரே ஒரு மரபணு தீர்மானிக்கிறது என்று பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் கிருஷ்ணமேக் குண்டே உள்ளிட்டோர் 2014-இல் ‘நேச்சர்’ இதழில் காட்டினார்கள். பூச்சிகளில் ஆணா பெண்ணா என்பதை வகுக்கும் மரபணுவேதான் அது. உலகம் பேசிய கண்டுபிடிப்பின் நாயகி ரசத்துக்குக் கிள்ளும் செடியில் வளர்கிறாள்.

வருகிறவர்களைப் பார்க்கும் இந்த மாதங்களில் போகிறவர்களையும் பார்க்க வேண்டும். ஐப்பசி வாக்கில் வந்து, தோட்டத்துச் சருகில் குதித்துத் திரிந்து, காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் இரண்டு முறை சீட்டியடிக்கும் ஆறுமணிக்குருவி, இமயமலை அடிவாரத்துக்கும் மத்திய இந்தியாவுக்கும் குஞ்சு பொரிக்கக் கிளம்புகிறது. சோளக்குருவிகள் கூட்டமாக ஆலம்பழத்தில் இறங்கி வயிற்றை நிரப்பிக்கொண்டு மத்திய ஆசியப் புல்வெளிகளுக்குப் போகின்றன. சீனாவின் சிஞ்சியாங்கில் வெட்டுக்கிளியை ஒடுக்க இந்தக் குருவிகளுக்கென்றே கல் குவித்துக் கூடு அமைத்துக் கொடுக்கிறார்கள். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் அருகே, 1977-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட வேட்டங்குடியிலும் மழைக்காலத்தில் பொரித்த நாரைக் குஞ்சுகள் பறக்கத் தேறியிருக்கும். கண்மாய் வற்ற வற்றக் கூட்டம் கலையும். அந்தப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்ற கட்டுப்பாட்டைக் கொல்லுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்கள் காத்துவருகிறார்கள். 2020-இல் இதே மாவட்டத்துப் பொத்தகுடியில் தெருவிளக்கு ஸ்விட்ச் பெட்டிக்குள் ஒரு சிறு பறவை முட்டையிட்டிருந்தது. ஊரார் ஒரு மாதத்துக்கும் மேல் விளக்கைப் போடாமல் இருட்டில் நடந்தார்கள். குஞ்சுகள் பறந்த பிறகே ஸ்விட்சைத் தொட்டார்கள். இந்த மாவட்டத்துக்காரன் என்று சொல்லிக்கொள்ள எனக்குப் பெருமை தரும் செய்திகள் இவை.

இப்படிப் பார்ப்பதற்குக் காடு மலை ஏற வேண்டியதில்லை என்பதை மா. கிருஷ்ணன் (1912–1996) வாழ்ந்து காட்டினார். 1950 முதல் இறக்கும் வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கைப் பத்தி எழுதியவர். காகம், அணில், ஓணான் என்று வீட்டோர உயிர்களுக்கும் அதில் இடம் கொடுத்தார். அவர் தமிழில் எழுதியவற்றைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்த நூலின் பெயர் ‘மழைக்காலமும் குயிலோசையும்’. பார்த்ததைத் தேதியோடு எழுதி வைப்பவர்களுக்கு நெடிய மரபு உண்டு. இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ராபர்ட் மார்ஷம் 1736-இல் தன் தோட்டத்து முதல் பூ, முதல் குயில் என்று குறிக்கத் தொடங்கினார்; அவர் சந்ததியார் அதை 1958 வரை தொடர்ந்தார்கள். ஜப்பானின் கியோட்டோவில் செர்ரி மலர்ந்த நாள் பற்றிய குறிப்புகள் 9-ஆம் நூற்றாண்டிலிருந்து கிடைக்கின்றன. 2021-இல் அங்கே மார்ச் 26-லேயே மலர்ச்சி உச்சத்தை எட்டியது. ஆயிரத்திருநூறு ஆண்டுப் பதிவில் அதற்குமுன் அவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை. பூமி சூடேறுகிறது என்பதற்கு வெப்பமானிகளுக்கு முந்திய சாட்சி ஒரு மரத்தின் நாட்குறிப்பு.

நம் வேம்புக்கு அப்படியொரு குறிப்பு இல்லை. வரவு செலவை ஒரு காசு பிசகாமல் ஏட்டில் எழுதி வைத்த நகரத்தார் ஊர்களில், வட்டிக் கணக்கும் மொய்க் கணக்கும் தலைமுறை தலைமுறையாகப் பெட்டியில் கிடக்கும் வீடுகளில், வாசல் மரம் பூத்த நாள் எழுதப்படவில்லை என்பது எனக்கு வருத்தம். பகல் நீளத்தைப் பார்த்துத் தளிர்க்கும் மரம் தேதி மாறாமல் நிற்கும். வெப்பத்தையும் மண்ணீரத்தையும் பார்க்கும் மரம் காலநிலையோடு சேர்ந்து நகரும். எது எது எந்த வகை என்று தெரிய, ஒரே மரத்தைப் பல ஆண்டுகள் பார்த்த குறிப்பு வேண்டும். ‘சீசன்வாட்ச்’ என்ற மக்கள் அறிவியல் திட்டம் இந்தியா முழுவதும் பள்ளி மாணவர்களையும் பொதுமக்களையும் கொண்டு இதைத்தான் சேர்க்கிறது. வேம்பும் மாவும் புளியும் அதன் பட்டியலில் இருக்கின்றன.

உங்கள் வீட்டருகே ஒரு வேம்பைத் தேர்ந்துகொள்ளுங்கள். இலை உதிரத் தொடங்கிய நாள், முதல் தளிர், முதல் பூ, முதல் பழம் என்று நான்கு தேதிகள் போதும். கிழிக்கிற காலண்டரில் குறித்தால் ஆண்டு முடிவில் குப்பைக்குப் போய்விடும். ஒரு நோட்டுப் போட்டு எழுதுங்கள், அடுத்த பங்குனியில் அதே மரத்தடியில் நின்று அதே நோட்டில் எழுதுங்கள், உங்களுக்குப் பிறகு எழுத வீட்டுப் பிள்ளை ஒன்றையும் இப்போதே பழக்கிவிடுங்கள்.